நாலு பேர், நாலு போன், ஒரு மேப்: ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா பிடிக்கிற கதை

ஏழாவது செமஸ்டர் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம் காரிடார்ல யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாங்க: "டைட்டில் என்ன வெச்சிருக்க?" என்ன பிரச்சினையை எடுத்திருக்கன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. டைட்டில் மட்டும்தான் வேணும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். "ஐஓடி அடிப்படையிலான ஸ்மார்ட்..." வரைக்கும் டைப் பண்ணிட்டு, அந்த மூணு புள்ளிக்கு அப்புறம் என்ன போடலாம்னு நாலு பேர் உட்கார்ந்து யோசிச்சோம். ஸ்மார்ட் டஸ்ட்பின், ஸ்மார்ட் பார்க்கிங், ஸ்மார்ட் ஹெல்மெட். சீனியர்ஸ் எல்லாம் ஏற்கெனவே துவைச்சுக் காயப்போட்ட துணிங்க.

இந்தக் கட்டுரை ஜூனியர்ஸுக்கு. போன்ல இருக்கிற மைண்ட் மேப் ஆப்புகளை வெச்சு ஐடியா எப்படிப் பிடிக்கிறது, எங்க சறுக்கும், எங்க நிஜமா உதவும்னு எங்க ப்ராஜெக்ட்டையே உதாரணமா வெச்சு சொல்றேன். முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை: நான் பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம். பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்த பாண்டிச்சேரி பையன். தமிழ்ல எழுத்துப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

எங்க வீடு ரெட்டியார்பாளையம். இந்திரா காந்தி சிலை சிக்னல்ல இருந்து விழுப்புரம் ரோட்டுல வந்தா வர்ற ஏரியா. 2024 ஜூன் 11-ஆம் தேதி காலையில இங்க புதுநகர்ல நடந்ததை நீங்க செய்தியில பார்த்திருப்பீங்க. பாதாளச் சாக்கடையில இருந்து கிளம்பின விஷவாயு, வீட்டுக் கழிப்பறை வழியா உள்ள வந்துச்சு. ஒரு பாட்டி மயங்கி விழுந்தாங்க, அவங்களைத் தூக்கப் போன மகளும் விழுந்தாங்க. இன்னொரு வீட்டுல 15 வயசுப் பள்ளி மாணவி. மூணு பேரும் இறந்துட்டாங்க. சொந்த வீட்டு பாத்ரூம்ல. அன்னைக்கு சாயங்காலம் எங்க தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் பாத்ரூம் கதவைத் திறந்து வெச்சு, ஜன்னலைத் திறந்து வெச்சு, உள்ள போகவே யோசிச்சுக்கிட்டு நின்னாங்க. எங்க அம்மா உட்பட.

ஆனா ஒரு வருஷம் கழிச்சு ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா தேடும்போது, இது எங்க நாலு பேர்ல ஒருத்தர் தலையிலயும் முதல்ல வரல. என் தலையிலயும் வரல, நான் அந்த ஏரியாக்காரன். ஸ்மார்ட் டஸ்ட்பின்தான் வந்துச்சு. ஏன்னு அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நாங்க யோசிச்ச விதமே தப்பு.

முதல்ல வாட்ஸ்அப் குரூப்ல தான் பிரெய்ன்ஸ்டார்மிங் பண்ணோம். என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். ஒருத்தன் முதல்ல ஒண்ணு போடுவான். ரெண்டு பேர் கட்டைவிரல் தூக்குவாங்க. நாலாவது ஆள் வேற ஏதோ யோசிச்சிருப்பான், ஆனா மூணு பேர் ஓகே சொன்ன இடத்துல அதைப் போட்டு எதுக்கு வம்புன்னு அவனும் கட்டைவிரல் தூக்கிடுவான். மொத்தம் ஏழு நிமிஷத்துல முடிஞ்சுது. டைட்டில் ரெடி.

பிரெய்ன்ஸ்டார்மிங்கை ஊரறியச் செஞ்சவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன். அமெரிக்காவுல பிபிடிஓ-ங்கிற விளம்பரக் கம்பெனியை நடத்தினவங்கள்ல ஒருத்தர். 1953-ல வந்த அவரோட 'அப்ளைடு இமாஜினேஷன்' புத்தகம் இதுக்கு விதிமுறைகள் கொடுத்துச்சு: யாரையும் குறை சொல்லக் கூடாது, நிறைய ஐடியா வேணும், கிறுக்குத்தனமா இருந்தாலும் பரவாயில்ல, அடுத்தவர் ஐடியா மேல ஏறி நின்னு கட்டலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1958-லயே யேல் பல்கலைக்கழகத்துல டெய்லர், பெர்ரி, பிளாக்னு மூணு பேர் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கிறது ஒரு பக்கம். நாலு பேர் தனித்தனியா யோசிச்சு எழுதினதைக் கடைசியில ஒண்ணாச் சேர்க்கிறது இன்னொரு பக்கம். தனித்தனியா யோசிச்சவங்கதான் அதிகம் எழுதினாங்க. 1987-ல டீல், ஸ்ட்ரோப ரெண்டு பேரும் இதுக்கான முக்கியக் காரணத்தைக் காட்டினாங்க: ஒருத்தர் பேசும்போது மத்தவங்க காத்திருக்கணும், காத்திருக்கும்போது தலையில வந்தது போயிடும். கேன்டீன் டேபிள்ல உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு இதை யாரும் நிரூபிச்சுக் காட்ட வேண்டியதில்ல.

இதுக்கு ஒரு பழைய மருந்து இருக்கு. 1968-ல பெர்ன்ட் ரோர்பாக்ங்கிற ஜெர்மன்காரர் சொன்ன 6-3-5 முறை. 6 பேர், ஆளுக்கு 3 ஐடியா, 5 நிமிஷம். அப்புறம் பேப்பரைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளணும். அவர் அதைப் படிச்சுட்டு அதுக்குக் கீழ இன்னும் மூணு எழுதணும். ஆறு சுத்து, அரை மணி நேரம், 108 ஐடியா. வாயே திறக்க வேண்டாம். இதுல எனக்குப் பிடிச்சதே அதுதான், ஏன்னா எங்க டீம்ல பேசுற ஆள் ஒருத்தன், யோசிக்கிற ஆள் வேற ஒருத்தி.

நாங்க நாலு பேர்தானே. அதனால 4-3-5. போன்ல பண்ணது இப்படி: கூகுள் கீப்ல நாலு நோட் தொடங்கினோம், ஒவ்வொண்ணையும் நாலு பேருக்கும் ஷேர் பண்ணோம். முதல் 5 நிமிஷம் அவரவர் நோட்ல மூணு. டைமர் அடிச்சதும் வலது பக்கம் இருக்கிறவரோட நோட்டைத் திறக்கணும். நாலு சுத்து, 20 நிமிஷம், 48 வரி. எங்களுக்கு 48 வரல, 41 தான் வந்துச்சு, அதுல 13 ஒரே மாதிரி. மிச்சம் 28. அந்த 28-ல ஒரு வரி, மூணாவது சுத்துல, எங்க டீம்ல இருக்கிற விடுதிப் பொண்ணு எழுதினது: "ரெட்டியார்பாளையம் கேஸ் மேட்டர்?"

அவ இந்த ஊரே இல்ல. அவ எழுதினதைப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு, சொல்லாம இருக்க முடியல.

சரி, இப்ப மைண்ட் மேப்புக்கு வரலாம். பேரைப் பிரபலப்படுத்தினவர் இங்கிலாந்துக்காரர் டோனி பூசன், 1974-ல பிபிசி தொலைக்காட்சியில அவர் நடத்தின 'யூஸ் யுவர் ஹெட்' தொடர் மூலமா. நடுவுல ஒரு விஷயம், அதுல இருந்து கிளைகள், கிளைகள்ல இருந்து சின்னக் கிளைகள், ஒரு கிளைக்கு ஒரு வார்த்தை, கலர், படம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1972-ல, கார்னெல் பல்கலைக்கழகத்துல ஜோசப் நோவாக் குழு 'கான்செப்ட் மேப்'னு வேற ஒண்ணைத் தொடங்கியிருந்தாங்க. வித்தியாசம் சின்னதாத் தெரியும், ஆனா பெரிசு. மைண்ட் மேப் ஒரு மரம். ஒரு இலைக்கு ஒரே ஒரு தாய்க்கிளைதான். கான்செப்ட் மேப்ல எதையும் எதோடயும் இணைக்கலாம், இணைக்கிற கோட்டு மேல உறவு என்னன்னு எழுதியே ஆகணும்: 'உண்டாக்கும்', 'தடுக்கும்', 'தேவைப்படும்' இப்படி. இது ரெண்டையும் மறக்காதீங்க, கொஞ்சத்துல தேவைப்படும்.

நம்ம ஊர்லயும் இந்த மாதிரி மூளைக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கு. பத்தாவது தமிழ்ப் புத்தகத்துல ஐந்திணைன்னு ஒரு அட்டவணை மனப்பாடம் பண்ணுவோமே. நெய்தல்னு சொன்னா கடல், கடற்கரை, அதோட பொழுது, பூ, பறவை, தொழில், மனநிலைன்னு கிளை பிரியும். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள்ங்கிறது முதல் மூணு கிளைகள்தான். ஒரு வார்த்தையைத் தொட்டா ஒரு நிலமே எழுந்து வர்ற மாதிரி ஏற்பாடு. பரீட்சைக்கு நெட்டுரு போட்டப்ப இது தெரியல.

ஆப் எதுன்னு கேட்பீங்க. சுருக்கமா சொல்றேன், ஏன்னா ஆப் மாறிக்கிட்டே இருக்கும். தனியா யோசிக்க சிம்பிள்மைண்ட் போதும். இலவசப் பதிப்பு, நெட் இல்லாமலும் ஓடும், கணக்கு தொடங்கச் சொல்லித் தொல்லை பண்ணாது. எக்ஸ்மைண்ட் பார்க்க அழகு, மீன்முள் வரைபடம், காலக்கோடு எல்லாம் வரும், ரெண்டு இலையை நடுவுல ஒரு வளைகோடு போட்டு இணைக்கலாம். இலவசமா எக்ஸ்போர்ட் பண்ணினா அதோட முத்திரை விழும், ரிவ்யூவுக்கு அசிங்கமா இருக்கும். ஒரே மேப்பை நாலு பேர் ஒரே நேரத்துல திருத்தணும்னா மைண்ட்மீஸ்டர், காகிள் மாதிரி நெட்ல ஓடுறது வேணும். அதெல்லாம் இலவசத்துல ஓர் அளவுக்கு மேல காசு கேட்கும். லேப்டாப்ல ஃப்ரீபிளேன் ஓப்பன் சோர்ஸ், காசே வேண்டாம், பார்க்கத்தான் 2005-ல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்.

எதைப் பிடிச்சாலும் வாராவாரம் எக்ஸ்போர்ட் பண்ணி டிரைவ்ல போடுங்க. கூகுளோட ஜாம்போர்டு ஞாபகம் இருக்கா? 2024 டிசம்பர் 31-ஓட மூடிட்டாங்க. அதுக்கப்புறம் அதுல இருந்த பலகைகளைத் திறந்து திருத்த வழியில்ல. ஃப்ரீமைண்டோட எம்எம் கோப்பு வடிவத்தையோ, ஓபிஎம்எல்லையோ ஆதரிக்கிற ஆப்பாப் பார்த்து எடுத்தா, நாளைக்கு ஆப் செத்தாலும் மேப் வேற ஆப்புக்குக் குடிபோகும்.

தமிழ்ல மேப் போடப் போறீங்கன்னா (போடச் சொல்லப் போறேன்) முதல் வேலை ஒரு சோதனை. ஒரு நோடுல 'கோழி', இன்னொண்ணுல 'யோசனை', இன்னொண்ணுல 'ஸ்ரீ'ன்னு டைப் பண்ணி உடனே பிடிஎஃப் எடுத்துப் பாருங்க. திரையில சரியாத் தெரியும். பிடிஎஃப்ல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு சிதறிக் கிடக்கும் சில ஆப்ல. மேப்பை முடிச்சுட்டு ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி இதைக் கண்டுபிடிச்சா அழுகைதான் வரும். அப்படி ஆச்சுன்னா பிடிஎஃப் வேண்டாம், படமா, பிஎன்ஜியா எடுங்க, பெரும்பாலும் தப்பிச்சுடலாம்.

டைப் பண்ணச் சோம்பேறித்தனமா இருந்தா மைக்கை அழுத்திப் பேசுங்க. கூகுள் குரல் தட்டச்சுல 2017-ல இருந்தே தமிழ் இருக்கு. சிக்னல்ல பைக் நிக்கும்போது வர்ற ஐடியாதான் நல்ல ஐடியா, ஆனா பைக் ஓட்டிக்கிட்டே பேசாதீங்க, ஓரங்கட்டுங்க. பேச்சுத்தமிழ்ல பேசினா அது பாதியைத் தப்பா எழுதும். ஒருநாள் "நானி ட்ராப்"ன்னு சொன்னேன், "நானே தரேன்"ன்னு எழுதுச்சு. பரவாயில்ல, சாயங்காலம் படிச்சா உங்களுக்குப் புரியும்.

ஏன் தமிழ்ல? தமிழ்ப்பற்றுன்னு நினைக்காதீங்க, நான் பிரெஞ்சு எடுத்த பையன். எங்க முதல் மேப் இங்கிலீஷ்ல தான் போட்டோம். நடுவுல 'சீவர் கேஸ்'. முதல் கிளைகள்: சென்சார், மைக்ரோகண்ட்ரோலர், கிளவுட், ஆப், அலர்ட். அழகா இருந்துச்சு, அஞ்சு கிளை, அஞ்சு கலர். ஆனா உத்துப் பாருங்க. அது ஒரு பிரச்சினையோட மேப்பே இல்ல. நாங்க ஏற்கெனவே முடிவு பண்ணின விடையோட பிளாக் டயகிராம். இங்கிலீஷ்ல எழுதினவுடனே கை தானா டைட்டில் எழுத ஆரம்பிச்சுடுது. கேள்வி பிறக்கவே இடமில்ல.

ரெண்டாவது மேப் தமிழ்ல, பேசுற தமிழ்ல. நடுவுல 'வீட்டுக்குள்ள கேஸ் வருது'. ஒரு கிளைக்கு ஒரு வார்த்தைங்கிற பூசன் விதியைத் தூக்கிப் போட்டோம், கேள்வியா மட்டும்தான் எழுதணும்னு வெச்சுக்கிட்டோம். எங்க இருந்து வருது? எப்படி வருது? வந்தா யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? யார் முதல்ல விழுவாங்க? இந்தக் கடைசிக் கேள்வியை எழுதினப்ப நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசல.

ஒவ்வொரு கேள்விக்கும் கீழ தெரிஞ்சதைப் போட்டோம், தெரியாததுக்கு மஞ்சள் கலர். முதல் நாள் மேப்ல முக்கால்வாசி மஞ்சள். இது ரொம்ப நல்ல விஷயம். மஞ்சளே இல்லாத மேப்பைப் பார்த்தா சந்தேகப்படுங்க. அப்புறம் ஆளுக்கு ரெண்டு மஞ்சளை எடுத்துக்கிட்டுப் படிச்சோம், கேட்டோம். எங்க தெரு வீடுகள்ல கேட்டோம், ஒரு பிளம்பர் அண்ணன்கிட்ட அரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஆள் போன வீடுகளுக்கு மட்டும் போகல. செமஸ்டர் மார்க்குக்காக அந்த வாசல்ல கேள்வித்தாளோட நிக்க எங்களுக்கு மனசு வரல, நீங்களும் நிக்காதீங்க.

படிச்சதுல கிடைச்சது இது. காத்து படாத சாக்கடையில, கழிவுல இருக்கிற சல்ஃபேட்டைச் சில பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்தும். அழுகின முட்டை நாத்தம். காத்தை விட ஏறக்குறைய 1.2 மடங்கு கனம், அதனால தாழ்வான இடத்துல தேங்கும். அது வீட்டுக்குள்ள வராமத் தடுக்கிறது கழிப்பறைக்குக் கீழயும் பாத்ரூம் தரைக்குக் கீழயும் இருக்கிற ட்ராப். குழாய் வளைஞ்சு, அந்த வளைவுல ரெண்டு இஞ்ச், அதாவது 50 மில்லிமீட்டர் தண்ணி எப்பவும் நிக்கும். அந்தத் தண்ணிதான் கதவு. ஊர்ப் பாதாளச் சாக்கடைக்கும் நம்ம மூக்குக்கும் நடுவுல இருக்கிறது ரெண்டு இஞ்ச் தண்ணி மட்டும்தான். ட்ராப்பே வைக்காமக் கட்டியிருந்தா கதவே இல்ல. ரொம்ப நாள் புழங்காத பாத்ரூம்ல தண்ணி ஆவியாகி வத்திப் போனாலும் கதவு திறந்தே இருக்கும். சாக்கடையில அழுத்தம் ஏறினா தண்ணியைத் தள்ளிக்கிட்டும் வரும்.

இப்ப 'வந்தா யாருக்குத் தெரியும்?' கிளை. அதுக்குக் கீழ நாங்க எல்லாரும் எழுதினது ஒரே வார்த்தை: மூக்கு. நாத்தம் வந்தா தெரிஞ்சுடும். எங்க அம்மா சொன்னதும் அதேதான்: "நாத்தம் அடிச்சா வெளியே வந்துட வேண்டியதுதானே." தெருவுல கேட்ட வீடுகள்லயும் இதே பதில்தான், இன்னொண்ணும் சேர்த்துச் சொன்னாங்க: "காலையில அடிச்சுது, கொஞ்ச நேரத்துல போயிடுச்சு."

வேற கிளையில, 'கேஸ் என்ன பண்ணும்?'ங்கிறதுக்குக் கீழ, எங்க விடுதிப் பொண்ணு படிச்சுப் போட்ட ஒரு இலை: கொஞ்சமா இருக்கும்போது நல்லா நாறும், 100 பிபிஎம் பக்கம் போனா சில நிமிஷத்துல மூக்கு மரத்துப் போயிடும், வாசனையே தெரியாது. உயிருக்கு உடனடி ஆபத்துன்னு அமெரிக்காவோட நியாஷ் அமைப்பு குறிச்சிருக்கிற அளவும் அதே 100 பிபிஎம்.

இந்த ரெண்டு இலையும் மேப்ல எதிரெதிர் மூலையில இருந்துச்சு. மூணு நாள் அப்படியே கிடந்துச்சு. மரமா வரைஞ்சா இதுதான் கோளாறு. ஒவ்வொரு இலையும் தன் தாயை மட்டும் பார்த்துக்கிட்டிருக்கும். நாலாவது நாள், நோவாக் சொன்ன மாதிரி குறுக்குக் கோடு போட்டுப் பார்க்கலாம்னு எக்ஸ்மைண்ட்ல அந்த வளைகோட்டை எடுத்து, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு ரெண்டு இலையா இணைச்சுக்கிட்டே வந்தோம். கோட்டு மேல உறவு எழுதணும். எழுத ஒண்ணும் இல்லன்னா அழிச்சுடணும். பத்துக்கு எட்டு அழிஞ்சுது. 'நாத்தம் போயிடுச்சு' இலைக்கும் 'மூக்கு மரத்துப் போகும்' இலைக்கும் கோடு விழுந்தப்ப, மேல என்ன எழுதுறதுன்னு யோசிக்கவே தேவைப்படல. நாத்தம் நின்னா ஆபத்து நீங்கிடுச்சுன்னு ஒரு தெருவே நம்பிக்கிட்டு இருக்கு. கேஸ் அதிகமானாலும் நாத்தம் நிக்கும்.

இதே மாதிரி இன்னொரு கோடு 'யார் முதல்ல விழுவாங்க'வுக்கும் 'தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க'வுக்கும் விழுந்துச்சு. விழுந்தவங்களைத் தூக்க உள்ள ஓடுறவங்கதான் ரெண்டாவது விழுறாங்க. வீட்டுல அப்பாவோ அம்மாவோ விழுந்து கிடந்தா வாசல்ல நின்னு யோசிக்கிற ஆளா நாம? அதனால சத்தம் போடுற கருவி பாத்ரூம் உள்ள இருந்து பிரயோஜனம் இல்ல, வெளியே, கதவுக்கு மேல, உள்ள போறதுக்கு முன்னாடி கண்ணுல படுற இடத்துல இருக்கணும். முதல் மேப்ல 'அலர்ட்'னு ஒரு வார்த்தை எழுதிட்டுப் போனோமே, அது எங்க இருக்கணும்னு கேட்கவே இல்ல.

அடுத்தது எங்களுக்கே ஆப்பு வெச்ச கோடு. 'எப்படி வருது?' கிளையில இருந்த 'ட்ராப் தண்ணி வத்திப் போகும்' இலையில இருந்து 'என்ன செலவாகும்?' கிளைக்கு ஒரு கோடு. மேல எழுதினது: ஒரு பக்கெட் தண்ணி. புழங்காத பாத்ரூம்ல வாரம் ஒருதடவை தண்ணி ஊத்தினா அந்தக் கதவு மூடிக்கும். ட்ராப்பே இல்லாத வீட்டுக்கு ஒரு ட்ராப். ஐஓடி வேண்டாம், கிளவுட் வேண்டாம். ப்ராஜெக்ட் முடிஞ்சுதுன்னு என் ஃப்ரெண்ட் தலையில கை வெச்சுட்டான். சென்சார் எங்க வைக்கணும்னு யோசிக்கப் போய், முதல்ல பார்க்க வேண்டியது சென்சாரே இல்லன்னு மேப் சொல்லிடுச்சு.

ஜீரோத் ரிவ்யூல இதை அப்படியே சொன்னோம். "இதுல இன்ஜினியரிங் எங்கப்பா?"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு. அநியாயமான கேள்வின்னு சொல்ல மாட்டேன், ஆனா அன்னைக்கு வலிச்சுது. மேப்பைத் திரையில போட்டு, ஒவ்வொரு கோடா நடத்திக் காட்டினோம். கடைசியில ப்ராஜெக்ட் ரெண்டாப் பிரிஞ்சுது: எங்க தெருக்கள்ல எத்தனை வீட்டுல ட்ராப் இருக்கு, தண்ணி நிக்குதான்னு ஒரு கணக்கெடுப்பு, அதோட, ட்ராப் இருந்தும் அழுத்தத்துல கேஸ் வரும் நிலைமைக்கு, கதவுக்கு வெளியே சிவப்பு விளக்கோட ஒரு கருவி. இஎஸ்பி 32 போர்டு, எம்க்யூ 136 சென்சார். அந்த சென்சார்ல உள்ள ஒரு ஹீட்டர் இருக்கு, முதல் தடவை ஒரு நாளுக்கு மேல சூடாகணும், ஈரப்பதம் மாறினா அளவும் மாறும். பாத்ரூம்ல ஈரப்பதம் இல்லாம இருக்குமா! இதுவும் மேப்ல ஒரு மஞ்சள் இலையாத்தான் இருந்துச்சு, இப்ப சிவப்பு.

ஜூனியர்ஸ், இந்த மாதிரி டாப்பிக் எடுத்தா ஒரே ஒரு விஷயம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்: டேட்டா எடுக்கிறேன்னு மேன்ஹோல் மூடியைத் திறக்காதீங்க, குனிஞ்சு பார்க்காதீங்க. இன்னொருத்தரை இறக்கியும் எடுக்காதீங்க, 2013 சட்டம் அதைத் தடை செஞ்சிருக்கு. கேரளாவுல 2015-ல கோழிக்கோட்டு மேன்ஹோல்ல இறங்கின ரெண்டு தொழிலாளிகளும், காப்பாத்தப் போன ஒரு ஆட்டோ டிரைவரும் இறந்தாங்க. அதைப் பார்த்துட்டு, குட்டிப்புறம் எம்இஎஸ் இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்ச பசங்க தொடங்கின ஜென்ரோபோட்டிக்ஸ்தான் பேண்டிகூட் ரோபோவைச் செஞ்சுது. 2018-ல வேலைக்கு வந்துச்சு, நம்ம பக்கத்துல கும்பகோணத்துக்கும் வந்துச்சு. எங்க மேப்ல 'யார் முதல்ல விழுவாங்க' கிளையில சாக்கடைத் தொழிலாளின்னு ஒரு இலை இருக்கு. எங்க நாலு பேர் சக்திக்கு மீறினது, ஆனா அழிக்கல.

பரீட்சைக்கும் மைண்ட் மேப் போடலாமான்னு கேட்டீங்கன்னா, போடலாம், ஆனா புத்தகத்தைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பார்த்துப் பார்த்து அழகா வரையாதீங்க. 2011-ல கார்பிக், பிளன்ட்னு ரெண்டு பேர் 'சயின்ஸ்' இதழ்ல எழுதின ஆய்வுல, பாடத்தைப் பார்த்துக்கிட்டே கான்செப்ட் மேப் வரைஞ்ச மாணவர்களை விட, மூடி வெச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்தவங்கதான் அப்புறம் வெச்ச டெஸ்ட்ல நல்லாச் செஞ்சாங்க. அதனால முதல்ல மூடுங்க. யூனிட் பேரை நடுவுல போட்டு, ஞாபகத்துல இருக்கிறதை மட்டும் கிளையாப் போடுங்க. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேற கலர்ல சேருங்க. அந்த வேற கலர் மட்டும்தான் நீங்க ராத்திரி படிக்க வேண்டியது. டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்ல என் மேப் முழுக்க வேற கலர்தான், அது தனிக் கதை.

போன்ல மேப் போடும்போது ஒரு கஷ்டம் உண்டு: ஆறு அங்குலத் திரை. அறுபது இலை வந்ததும் பெரிசு பண்ணிப் பண்ணி விரல் தேயும், மொத்தமாப் பார்க்க முடியாது, மொத்தமாப் பார்க்காம குறுக்குக் கோடு கண்ணுல படாது. அதனால இலை சேர்க்கிறதுக்கு போன், கோடு போடுறதுக்கு லேப்டாப், இல்லன்னா லேப் சுவத்துல பெரிய சார்ட் பேப்பர். வெட்கப்படாம சார்ட் பேப்பர் வாங்குங்க. எங்க நல்ல கோடுகள்ல ஒண்ணு ஸ்கெட்ச் பேனாவுல போட்டதுதான்.

இப்ப எங்க மேப்ல 61 இலை. அடுத்த வாரம் ரெண்டாவது ரிவ்யூ. 'தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?' கிளையில ஒரு இலை இன்னும் மஞ்சளாவே நிக்குது: ராத்திரி 2 மணிக்கு விளக்கு சிவப்பா எரிஞ்சா, எல்லாரும் வெளியே வந்தாச்சு, போன் கையில இருக்கு, யார் நம்பருக்கு அடிக்கிறது? எங்க தெருவுல கேட்டப்ப ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நம்பர் சொல்லுச்சு. உங்க தெருவுலயும் கேட்டுப் பாருங்க, கிடைச்ச பதிலை எனக்கு அனுப்புங்க, இலையில சேர்த்துக்கிறேன்.